பாதி அலைநீளம்

அவளுக்குப் பெயர் மூக்கி. மூக்கு நீளம் என்று யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. சொல்லப்போனால் அது சின்ன மூக்குதான். அதை அவள் சுளிக்கிற சுளிப்புக்காக வந்த பெயர். பாலில் ஆடை மிதந்தால் சுளிப்பாள். விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவரைக் கண்டால், சுளித்துக்கொண்டே எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விடுவாள். சின்ன வயதில் அக்கா விளையாட்டாக வைத்த பெயரை அத்தான் அணு உலை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். தலை பாதி நரைத்த பிறகும் எதிரே நின்றால் 'மேடம்', நகர்ந்துவிட்டால் 'டாக்டர் மூக்கி'.

அவள் வேலை பார்த்தது ஆராய்ச்சி அணு உலையை ஒட்டிய ஒரு பெரிய கூடத்தில். உலையின் சுவரிலிருந்து குழாய்கள் வழியாக நியூட்ரான் கற்றைகள் வெளியே வரும். ஒவ்வொரு குழாயின் வாயிலும் கான்கிரீட் கட்டிகள் சூழ ஒரு கருவி. அவற்றில் ஒன்று அவள் பொறுப்பு. பல ஊர்களிலிருந்து ஆட்கள் தங்கள் ஆய்வுக்கூடங்களில் செய்த தூள்களைக் கொண்டுவருவார்கள். தூளை விரல் பருமனுள்ள வனேடியம் குப்பியில் அடைத்துக் கற்றைக்கு நடுவே நிறுத்தினால், நியூட்ரான்கள் அதில் பட்டுச் சில கோணங்களில் மட்டும் கூட்டமாகச் சிதறும். திரையில் அது ஒரு மலைத்தொடர் போல ஏறி இறங்கும். எந்தக் கோணத்தில் முகடு நிற்கிறது, எவ்வளவு உயரம் என்று பார்த்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், தூளுக்குள் எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

அவளுக்குப் பிடித்தவை பெரோவ்ஸ்கைட் ஆக்சைடுகள். ஆறு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்து ஒரு கூண்டு. கூண்டின் நடுவில் ஓர் உலோக அணு. கூண்டுகள் மூலைக்கு மூலை கைகோத்து நிற்கும். இடைவெளியில் ஈயம் மாதிரி ஒரு கனத்த அணு. கேட்க எளிது. ஆனால் கூண்டுகள் ஒழுங்காக நிற்பதில்லை. ஒன்று இடப்பக்கம் திரும்பினால், அதன் கையைப் பிடித்திருக்கிற அடுத்தது வலப்பக்கம் திரும்பித்தான் ஆகவேண்டும். எந்த அச்சில், எவ்வளவு என்பதைப் பொறுத்து அந்தப் பொருளின் குணமே மாறிப்போகும். எக்ஸ்ரேயில் ஈயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஆக்சிஜன் சரியாகத் தெரியாது, யானைக்குப் பின்னால் நிற்கிற ஆட்டுக்குட்டி மாதிரி. நியூட்ரானுக்கு இரண்டும் தெரியும். அதனால்தான் ஆட்கள் அவளிடம் வந்தார்கள்.

வந்தவர்களைத்தான் அவளுக்குப் பிடிக்காது. ஒருவர் மூக்கைச் சிந்திய கையோடு குப்பியை எடுப்பார். இன்னொருவர் ஈரத்தூளைக் கொண்டுவந்து, "கொஞ்சம் ஈரம்தான் மேடம், பரவாயில்ல" என்று இளிப்பார். ஈரத்தில் இருக்கிற ஹைட்ரஜன் நியூட்ரானைக் கண்டபடி சிதறடிக்கும். திரையில் முகடுகள் சேற்றில் நிற்கிற மாதிரி நிற்கும். இரவு தங்குகிறவர்களின் பொதுச் சமையலறையில் கழுவாத பாத்திரங்களின் மேல் பூஞ்சை மயிர் வளர்ந்திருக்கும். அந்த அறைக்கதவைத் தாண்டும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அவளுக்குச் சொந்தமாக ஒரு கோப்பை, ஒரு கரண்டி, அவற்றைப் பூட்டி வைக்க ஓர் இழுப்பறை இருந்தன.

அத்தான் மட்டும் விதிவிலக்கு. அதாவது, அவருடைய தூள் மட்டும்.

அதே ஊரில் பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியர். ஆக்சைடு செய்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அரைப்பார், சுடுவார், மறுபடி அரைப்பார், மறுபடி சுடுவார். ஈயம் சூட்டில் ஆவியாகி ஓடிவிடும். அதை ஓடவிடாமல் பிடித்து வைக்க அவருக்கு மட்டும் ஒரு கைப்பக்குவம். அவர் கொடுக்கிற குப்பியில் ஓர் அந்நியத் துகள்கூட இருக்காது. இப்படித் தூள் செய்கிற மனிதர் சாப்பிடுகிற விதத்தைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். சட்டைப்பையில் எப்போதும் வறுத்த கடலை. பேசும்போதும் மெல்லுவார், கேட்கும்போதும் மெல்லுவார், மென்றுகொண்டே எண்ணெய் விரலால் நம் தோளைத் தட்டுவார். உதிர்ந்த தோல் அவர் போன வழியெல்லாம் கிடக்கும்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் மூக்கி வளர்ந்தது அவர் வீட்டில்தான். அவர் ஒரு நாளும் அவளைச் சொல்லிக்காட்டியதில்லை. அது உண்மை. முதல் சம்பளம் வந்ததும் அவள் தனி வீடு பார்த்துக்கொண்டு போனபோது, "எங்க வீட்டுல என்னடி குறைச்சல்?" என்று அக்கா அழுதாள். அத்தான் சாப்பிடும் சத்தம் சுவர் தாண்டிக் கேட்கிறது என்று எப்படிச் சொல்வது? "வேலைக்குப் பக்கம்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு மட்டும் அக்கா வீட்டில் என்று ஏற்பாடு. அவள் மேசையின் அந்தக் கோடியில் உட்கார்வாள்.

ஈயம் கலந்த ஒரு புதுத் தூளோடு அத்தானுக்கு உலையில் முறை வந்த அதே வாரத்தில் அக்காவுக்குப் பித்தப்பையில் கல்லென்று ஆபரேஷன் வைத்தார்கள்.

"முறையைத் தள்ளிப் போடலாம் அத்தான். நான் பேசிப் பாக்கறேன்."

"உலை நமக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா? விட்டா அடுத்த வருஷம்தான். நீ அவகூட இரு. உன் கருவி எனக்குத் தெரியாததா? சாவியைக் குடு, நான் ஓட்டிக்கறேன்."

அவளுக்கும் அக்காவை விட்டுப் போக மனமில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அக்கா வாந்தியெடுத்தபோது கிண்ணம் பிடித்தாள். ரத்தமும் நீரும் வடிகிற குழாயின் பையை அளந்து கொட்டினாள். வேறு யாருடையதாக இருந்தாலும் மயக்கம் போட்டிருப்பாள். அக்காவுடையது என்பதால் மூக்கு ஒன்றும் சொல்லவில்லை. அத்தான் சாயங்காலம் ஒரு தடவை எட்டிப்பார்த்தார். முகமெல்லாம் பல்.

"மூக்கி, வெளிய வா. ஒண்ணு காட்டணும்."

நடைபாதையில் நின்றபடி காகிதத்தை விரித்தார். பெரிய முகடுகளுக்கு நடுவே, இருக்கக்கூடாத இடங்களில், குட்டிக் குட்டி முகடுகள். அணுக்கள் திரும்பத் திரும்ப அடுக்கி நிற்கிற அடிப்படைக் கட்டம் எல்லாத் திசையிலும் இரட்டித்திருக்கிறது என்று அர்த்தம். கூண்டுகள் இதுவரை யாரும் பார்க்காத ஒரு சிக்கலான வரிசையில் திரும்பி நிற்கின்றன என்று அர்த்தம்.

அவள் கேட்ட முதல் கேள்வி அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"ஃபில்டர் உள்ளதானே இருந்துச்சு?"

"பின்ன?" என்றார்.

இந்த ஃபில்டர் விஷயத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். உலையிலிருந்து வருகிற நியூட்ரான்களில் எல்லா அலைநீளமும் கலந்திருக்கும். கருவியின் தொடக்கத்தில் உள்ள ஒரு படிகம் அதிலிருந்து வேண்டிய ஒன்றை மட்டும் பிரித்து அனுப்பும். ஆனால் அந்தப் படிகத்துக்கு ஒரு கெட்ட பழக்கம்: வேண்டியதோடு அதில் சரிபாதி அலைநீளமுள்ளதையும் கொஞ்சம் சேர்த்து விட்டுவிடும். அந்தப் பாதி அலை தூளில் பட்டுத் தன் பங்குக்கு ஒரு போலி மலைத்தொடரை வரையும். பார்க்கிறவருக்குக் கட்டம் இரட்டித்துவிட்ட மாதிரியே இருக்கும். அதைத் தடுக்க வழியில் ஒரு கிராஃபைட் பாளத்தை வைப்பார்கள். அதுதான் ஃபில்டர். பாதி அலையைத் தின்றுவிடும். நல்ல அலையிலும் கொஞ்சம் தின்றுவிடும். அதனால் அவசரக்காரர்கள் அதைக் கண்டால் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். மூக்கி அதைத் திருகாணி போட்டு இறுக்கி வைத்திருந்தாள்.

"மறுபடி ஒரு தடவை அளந்து பாத்துடலாம் அத்தான்" என்றாள்.

"அளக்கலாம், அளக்கலாம். நாம எழுதறதுக்குள்ள வேற எவனாவது எழுதிட்டா?"

அவர் எழுதினார். கூண்டுகளின் வரிசையை வைத்து ஓர் அழகான படம் போட்டார். 'எக்ஸ்ரேயில் இந்த முகடுகள் தெரியாது. ஆக்சிஜனை நியூட்ரானால் மட்டுமே பார்க்க முடியும்' என்று ஒரு வரி. கட்டுரை வெளிவந்தது. அவள் பெயர் இரண்டாவது. பொய் சொல்வானேன், அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடத்தில் ஆட்கள் கை குலுக்கினார்கள். அவள் போய்க் கையைக் கழுவிக்கொண்டாள்.

பிறகு அவள் தன் முறையில் அதே தூளைக் குளிர்வித்து அளக்க உட்கார்ந்தாள். குளிரக் குளிர அந்தக் கூண்டுகள் எப்படித் திரும்புகின்றன என்று பார்க்க ஆசை. முதலில் அறை வெப்பத்தில் ஓட்டினாள். பெரிய முகடுகள் எழுந்தன. குட்டி முகடுகளைக் காணோம். தூள் கெட்டுவிட்டதோ என்று அத்தானின் அசல் பாட்டிலிலிருந்து புதிதாக எடுத்து நிரப்பினாள். காணோம். கற்றையை மூடிவிட்டு, கான்கிரீட்டை நகர்த்தி, ஃபில்டர் இருக்கிற பெட்டியைத் திறந்தாள்.

அவள் இறுக்கி வைத்த திருகாணிகள் இல்லை. பாளம் ஒட்டுநாடாவால் ஒட்டப்பட்டிருந்தது. அலுமினியச் சட்டத்தின் விளிம்பில் பளபளவென்று ஒரு கட்டைவிரல் ரேகை, எண்ணெய்ப் பிசுக்கோடு. பெட்டியின் மூலையில் கடலைத் தோல், சுருண்டு கிடந்தது.

வெளியே ஓடிப்போய்க் குளிர்ந்த சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கையுறை போட்டுக்கொண்டு வந்து, பாளத்தை எடுத்துவிட்டு, மறுபடி அளந்தாள். குட்டி முகடுகள் ஒவ்வொன்றாக, சாக்கடை மூடியைத் தூக்கினால் வருகிற கரப்பான்கள் மாதிரி, பழைய இடத்திலேயே வந்து நின்றன.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா சமையலறையில் இருந்தாள். மூக்கி எப்போதும் உட்காரும் கோடியில் உட்காராமல், அவருக்கு நேர் எதிரே நின்றாள்.

"அத்தான், அந்தச் சின்ன பீக்கெல்லாம் பாதி அலைநீளத்தால வந்தது. ஃபில்டரைக் கழட்டியிருக்கீங்க."

அவர் முட்டையைப் பிட்டு வாயில் போட்டார். மென்றார். கோபப்படுவார், மறுப்பார், குறைந்தபட்சம் திடுக்கிடுவார் என்று எதிர்பார்த்திருந்தாள்.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"அன்னைக்குத் தெரியாது. நியூட்ரான் கவுண்ட் கம்மியா வருதேன்னு கழட்டினேன். திரும்பி மாட்டினப்போ திருகாணியெல்லாம் கீழ விழுந்துடுச்சு, டேப்பைப் போட்டேன். எழுதி அனுப்பினப்புறம் ஒரு நாள் உக்காந்து கணக்குப் பாத்தேன். சரியா பாதி. அப்பத் தெரிஞ்சுது."

"அப்புறமும் விட்டுட்டீங்களா?"

"உக்காரு மூக்கி. சாப்பிடு. இதுல இப்ப யாரு செத்துட்டாங்க?" பல்லிடுக்கில் மாட்டியதை நாக்கால் துழாவினார். "யாராவது பாலம் கட்டப்போறாங்களா இதை வெச்சு? இந்தத் துறையில வர்ற கட்டுரையில பாதி இப்படித்தான். பத்து வருஷம் கழிச்சு எவனாவது திருத்துவான், அவனுக்கு ஒரு கட்டுரை கிடைக்கும். நல்லதுதானே?"

"திரும்ப எடுத்துக்கலாம் அத்தான். நீங்களே ஒரு வரி எழுதிப் போடுங்க. தப்பு நடந்துடுச்சுன்னு."

"அடுத்த மாசம் புலத் தலைவர் பதவிக்குப் பேர் போகுது. இப்பப் போய் என்னை நானே செருப்பால அடிச்சுக்கணுமா? உன் பேரும்தான் அதுல இருக்கு. நான் நாறினா நீ மட்டும் மணப்பியா?"

அக்கா தட்டோடு வந்தாள். "என்ன, உலைக் கதையா? ஞாயித்துக்கிழமைகூடவா?" அத்தான் சிரித்தார். மூக்கிக்கு வைத்திருந்த தட்டில் தன் கையாலேயே ஒரு வறுவல் துண்டை எடுத்துப் போட்டார். அது எண்ணெய் வழியக் கிடந்தது. தலைவலி என்று சொல்லிவிட்டு மூக்கி கிளம்பிப் போனாள். பேருந்து நிறுத்தத்துக்குப் போகிற வழியில் ஓர் இடத்தில் நின்று காறித் துப்பினாள். அவள் வாழ்க்கையில் தெருவில் துப்பியது அதுதான் முதல் தடவை.

தன் பெயரை மட்டுமாவது எடுத்துவிடுங்கள் என்று இதழுக்கு எழுதினாள். எல்லா ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டால் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அடுத்த கருவிக்குப் பொறுப்பாக இருந்தவரிடம் யோசனை கேட்டாள். எதைச் சொன்னாலும் "சரிதான்" என்பதால் அவருக்குப் பெயரே சரிதான்.

"ஃபில்டர் இல்லாம அளந்ததை வெளியிட்டிருக்கோம் சார். சொல்லணும் இல்லையா?"

"சரிதான்."

"சொன்னா அவர் பேர் போயிடும்."

"அதுவும் சரிதான்" என்று கழுத்தைச் சொறிந்தார். பிறகு குரலைத் தணித்து, "எனக்கு அந்த பீக்கைப் பாத்தப்பவே ஒரு சந்தேகம்தான் மேடம். நமக்கெதுக்குன்னு இருந்துட்டேன்" என்றார். அவர் மட்டுமல்ல, இன்னும் சிலருக்கும் அந்தச் சந்தேகம் இருந்ததாம். தேநீர் இடைவேளைகளில் சிரித்துப் பேசிக்கொண்டார்களாம். அவளிடம் கை குலுக்கிய அதே ஆட்கள்.

கூடத்தில் மாதாமாதம் ஒரு கருத்தரங்கு நடக்கும். அந்த மாதம் தான் பேசுவதாக அவள் பெயர் கொடுத்தாள். அத்தானுக்கும் அழைப்பு போயிற்று; வந்து முன் வரிசையில், ஆராய்ச்சி நிலைய இயக்குநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக்கூடக் காட்டினார். அவள் தைரியத்தை அவர் நம்பவில்லை.

அவள் திரையில் ஒரு படத்தைப் போட்டாள். பெரிய முகடுகள், நடுவே, இருக்கக்கூடாத இடங்களில், குட்டி முகடுகள்.

"இது ஒரு தூள். இதுக்கு என்ன அமைப்புன்னு நினைக்கறீங்க?"

இயக்குநர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "கட்டம் ரெண்டு மடங்காயிருக்கு. புது பெரோவ்ஸ்கைட்டா?"

"சிலிக்கான் சார். கருவியைச் சரிபார்க்க வெச்சிருக்கற சாதாரண சிலிக்கான். உலகத்துலயே அதிகமா அளந்து பாத்த பொருள். ஃபில்டரைக் கழட்டினேன், சிலிக்கானுக்கும் புது அமைப்பு வந்துடுச்சு."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். அவள் அடுத்த படத்தைப் போட்டாள்: அத்தானின் தூள், ஃபில்டரோடு, அதே தூள், ஃபில்டர் இல்லாமல். அதற்கு அடுத்ததாக, வெளியான கட்டுரையின் படம். எதையும் விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

அத்தான் எழுந்தார். முகம் வெளுத்திருக்கும் என்று நினைத்தாள். இல்லை. அவர் கை தட்ட ஆரம்பித்தார், நிதானமாக, நெஞ்சுக்கு நேரே கையை வைத்து.

"எல்லாரும் கவனிக்கணும். தன் பொறுப்புல இருக்கற கருவியிலயே கோளாறுன்னு, கருவிக்குப் பொறுப்பானவங்களே முன்வந்து ஒத்துக்கறது சின்ன விஷயம் இல்ல. இதுக்கு ஒரு பெரிய மனசு வேணும். இந்தக் கோளாறால பாதிக்கப்பட்டவன் நான். இருந்தாலும் பாராட்டறேன்."

இயக்குநர் கை தட்டினார். இயக்குநர் தட்டியதால் மற்றவர்களும் தட்டினார்கள். சரிதானும் தட்டினார். கைதட்டல் அவள் மேல், யாரோ வாய் கொப்பளித்த தண்ணீரை வீசியது மாதிரி விழுந்தது.

"அன்னைக்கு நான் இங்க இல்ல" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "ஆஸ்பத்திரியில இருந்தேன். உங்க மனைவிக்கு ஆபரேஷன். ஃபில்டரைக் கழட்டினது நீங்க. கழட்டினேன்னு உங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில சொன்னதும் நீங்கதான்."

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "குடும்ப விஷயத்தையெல்லாம் இங்க வேண்டாமே. அதை நீங்க வெளிய பேசிக்கலாம். வாங்க, தேநீர் ஆறிடும்."

எல்லோரும் எழுந்து பின்னால் இருந்த மேசைக்குப் போனார்கள். பிஸ்கட்டுகளைத் தேநீரில் முக்கி எடுத்தார்கள். அத்தானைச் சுற்றி ஒரு வட்டம், அதில் சிரிப்பு. அவளிடம் ஒவ்வொருவராக, மற்றவர் பார்க்காத நேரம் பார்த்து, பக்கவாட்டில் வந்து முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். "நல்லா செஞ்சீங்க." "யாராவது சொல்லத்தான் வேணும்." ஒருவர் வாயில் பிஸ்கட் மாவோடு சொன்னார், ஒரு துணுக்கு அவள் சட்டைக் கையில் தெறித்தது. பொய் சொன்ன மனிதரைவிட இந்த முணுமுணுப்பு அவளுக்கு அதிகமாகக் குமட்டியது. அவருக்காவது ஒரு பதவி வேண்டியிருந்தது. இவர்களுக்கு என்ன வேண்டியிருந்தது?

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இதழில் வந்த குறிப்பில், கருவியின் வடிகட்டியில் ஏற்பட்ட கோளாறு காரணமாக என்று இருந்தது. யார் கை என்று இல்லை. அத்தான் புலத் தலைவர் ஆனார். பொறுப்போடு தவறை ஒத்துக்கொண்டவர் என்று அவருக்குக் கூடுதல் மரியாதை. கூடத்தில் ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். சரிதான் அதில் உறுப்பினர். பல அமர்வுகளுக்குப் பிறகு, ஃபில்டர் பெட்டிக்கு ஒரு பூட்டுப் போடவேண்டும் என்று முடிவாயிற்று. போட்டார்கள். நடந்ததெல்லாம் அந்தப் பூட்டு ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அக்கா வீட்டுக்குப் போவதை நிறுத்தினாள். அக்காவும் கூப்பிடவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் சுவர், தரை, குழாய்முனை என்று கண்ணில் பட்டதையெல்லாம் தேய்த்தாள். கை வெடித்தது. குளிக்கும்போது திடீரென்று அந்தக் கைதட்டல் ஞாபகம் வரும். மறுபடி முதலிலிருந்து சோப்புப் போடுவாள்.

ஒரு மதியம் கதவு தட்டப்பட்டது. அக்கா. மூச்சு வாங்க மாடியேறி வந்திருந்தாள். உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தனை பேர் நடுவுல என் பித்தப்பையை ஏன்டி இழுத்த?"

"அவர் பொய் சொன்னார் அக்கா."

"சொன்னாரு."

"உனக்குத் தெரியுமா?"

"கட்டினவளுக்குத் தெரியாதா? பொய் சொல்லும்போது கொஞ்சம் கூடுதலா மெல்லுவாரு. இத்தனை வருஷமா எதிர உக்காந்து பாக்கறேன்." அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "உனக்கு வசதி. மூக்கைச் சுளிச்சிட்டு எழுந்து போயிடலாம். சின்ன வயசுலருந்து அதானே பண்ணிக்கிட்டு இருக்க. நான் போகமுடியாது. அந்தத் தட்டை நான்தான் கழுவணும். அந்தச் சட்டைப்பையை நான்தான் உதறணும்."

"எதுக்குக் கழுவணும்? இங்க வந்து இரு."

"உன்கூடவா? என் செருப்பை எங்க கழட்டி வெக்கறதுன்னே எனக்குப் பயமா இருக்கு, இந்த வீட்டுல." அக்கா சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு பாதியில் கோணிக்கொண்டது. மூக்கி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா மூக்கைச் சிந்தித் தலைப்பிலேயே துடைத்துக்கொண்டு, அதே கையால் தங்கையின் வெடித்த விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். மூக்கி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"எண்ணெய் தடவக்கூடாதாடி இதுக்கு?"

"எண்ணெய் பிடிக்காது."

"அது சரி" என்றாள் அக்கா.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா தனியாகப் பேருந்தில் வந்துபோக ஆரம்பித்தாள். அவரைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை.

அந்தத் தூள் மட்டும் மூக்கியின் அலமாரியில் மிச்சம் இருந்தது. பல நாள் அந்தப் பாட்டிலைத் தொடவே கூசியது. பிறகு யாரோ ஒருவரின் முறை ரத்தாகி, கருவி சும்மா கிடந்தபோது, எடுத்துக் குளிர்வித்து அளந்தாள். ஃபில்டர் உள்ளே, பூட்டு வெளியே. கட்டம் இரட்டிக்கவில்லை, புதுமை ஒன்றும் இல்லை, பல ஆக்சைடுகளில் உள்ள அதே பழைய சாய்வுதான். ஆனால் குளிரக் குளிரக் கூண்டுகள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் சாய்வதை நிறுத்தி, கொஞ்ச தூரம் அப்படியே நின்று, மறுபடி சாய்ந்தன. சின்ன விஷயம். ஆனால் நிஜம். மூன்று தடவை வேறு வேறு குப்பிகளில் அளந்தாள், மூன்றிலும் இருந்தது. பெரிய பொய்க்கு அவசரப்பட்டவர் கண்ணில் படாமல், இந்தச் சின்ன உண்மை அதே பாட்டிலில் உட்கார்ந்திருந்தது.

எழுதினாள். கடைசியில் நன்றி சொல்லும் இடம் வந்தது. தூளைச் செய்தவர் பெயரைப் போடாமல் விடமுடியாது. போட மனம் வரவில்லை. இரண்டு நாள் அந்த வரியை வெறும் இடமாக விட்டு வைத்திருந்தாள். போடாமல் விட்டால் அதுவும் ஒரு பொய்தான் என்று தோன்றியதும், முகத்தைச் சுளித்துக்கொண்டே அவர் பெயரோடு தட்டச்சு செய்து முடித்தாள்: 'தூய மாதிரியைத் தயாரித்து அளித்தமைக்காக'. ஒரு சின்ன இதழில் அது வந்தது. படித்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

அந்தப் பத்தில் ஒருவர் அத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா அவள் வீட்டில் இருக்கும்போதே போன் வந்தது.

"மூக்கி, எனக்கு நன்றியெல்லாம் போட்டிருக்கியே. பரவாயில்ல, கோபம் போயிடுச்சு போல. நேத்து ஒரு கூட்டத்துல சொன்னேன், எங்க குழு தொடர்ந்து அதே பொருள்ல வேலை செய்யுது, புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கோம்னு. எல்லாரும் ரொம்ப..."

"தூள் சுத்தமா இருந்துச்சு அத்தான். அதை மட்டும்தான் எழுதியிருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த பிறகு போனைத் துணியால் துடைத்தாள்.

"யாரு?" என்றாள் அக்கா.

"உன் வீட்டுக்காரர்."

"என்னவாம்?"

"மென்னுக்கிட்டு இருக்காரு."

அக்கா ஒரு நொடி அவளையே பார்த்தாள். பிறகு இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். அக்கா வயிற்றில் தழும்பு இருக்கிற இடத்தை அமுக்கிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் கடிகாரத்தைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"கிளம்பறேன். அவருக்குச் சாப்பாடு எடுத்து வெக்கணும்."

மூக்கியின் முகம் தானாகக் கோணியது.

"சுளிக்காதடி" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாக அக்கா இறங்கிப் போனாள்.